குளிருக்கு அஞ்சாத கிருமி!

உணவைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மூடிவிட்டால் கவலை இல்லை, கிருமிகள் விறைத்துச் செத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள்.

அவை அப்படிச் சாவதில்லை. பெரும்பாலானவை சோர்ந்து கிடக்கின்றன. சில கிருமிகள் அந்தக் குளிரிலேயே பெருகவும் தொடங்கிவிடுகின்றன!

கம்பளி இல்லை, கணப்பு இல்லை. கண்ணுக்கே தெரியாத இந்த உயிர் எப்படிக் குளிரைத் தாங்குகிறது? அந்த ரகசியத்தை விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

நாலு மணி நேரத் திகைப்பு

நம் குடலில் 'இ.கோலி' என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. உடம்பின் சூடான 37 டிகிரி சென்டிகிரேடில் அது சுகமாக வளரும். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் அதைத் திடீரென்று 10 டிகிரி குளிருக்கு மாற்றிப் பார்த்தார்கள்.

கிருமி திகைத்துப் போயிற்று. வளர்ச்சி அடியோடு நின்றது. சுமார் 4 மணி நேரம் கழிந்தது. பிறகு, மெல்ல மெல்ல அது மறுபடியும் வளரத் தொடங்கிவிட்டது! இந்தச் செய்தி 1987-ல் வெளியாயிற்று.

அந்த 4 மணி நேரமும் கிருமி சும்மா இருக்கவில்லை. வழக்கமான வேலைகளைக் குறைத்துக்கொண்டு, சில புரதங்களை மட்டும் அவசரமாகத் தயாரித்துக்கொண்டிருந்தது. அவற்றில் முக்கியமான ஒன்றை 1990-ல் நியூஜெர்சியில் மசயோரி இனோயி என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் அடையாளம் கண்டார்கள். அதன் பெயர் 'சி.எஸ்.பி.ஏ.' மிகச் சிறிய புரதம். 70 அமினோ அமிலங்களை மணிபோல் கோத்தது. குளிர் தாக்கிய நேரத்தில் கிருமி தயாரிக்கும் புரதத்தில் பத்தில் ஒரு பங்கு இது ஒன்றே!

சுருண்ட ஓலை

இந்தப் புரதம் என்ன செய்கிறது?

எந்த உயிரணுவிலும், இன்ன புரதம் செய்யவேண்டும் என்ற கட்டளை 'ஆர்.என்.ஏ.' என்ற இழையில் எழுதப்பட்டு வருகிறது. 'ரிபோசோம்' என்ற பட்டறை அதைப் படித்துப் புரதத்தைச் செய்கிறது.

குளிர் வந்ததும் அந்த இழை தன்மேல் தானே மடிந்து ஒட்டிக்கொள்கிறது. சுருண்டுபோன ஓலையை யாரால் படிக்க முடியும்? பட்டறை நின்றுவிடுகிறது.

இங்கேதான் குளிர்ப் புரதம் கைகொடுக்கிறது. இழையைப் பற்றிக்கொண்டு, அது மடிந்து ஒட்டாமல் பிரித்து வைக்கிறது. கட்டளை தெளிகிறது. பட்டறை ஓடுகிறது. கிருமி பிழைக்கிறது!

இதற்குச் சாட்சியும் உண்டு. இந்தப் புரதத்தையும் அதன் இனத்தைச் சேர்ந்த வேறு மூன்றையும் இனோயி குழுவினர் இ.கோலியிலிருந்து நீக்கிப் பார்த்தார்கள். 37 டிகிரியில் அது வளர்ந்தது. 15 டிகிரியில் வளர முடியவில்லை!

48 உயிர்கள்

இ.கோலியைவிடக் குளிருக்குத் துணிந்தது 'லிஸ்டீரியா' என்ற நோய்க் கிருமி. அதனிடமும் இதே இனத்துப் புரதங்கள் மூன்று இருக்கின்றன. குளிர்சாதனப் பெட்டியின் 4 டிகிரியிலும் அது மெதுவாகப் பெருகும்.

1985-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் மென்மையான பாலாடைக் கட்டி ஒன்றில் இந்தக் கிருமி புகுந்துவிட்டது. நோயுற்றவர்கள் 142 பேர். மாண்டவர்கள் 48. அவர்களில் 30 பேர் கருவிலிருந்த சிசுக்களும் பிறந்த குழந்தைகளுமே! லிஸ்டீரியாவுக்குத் தாயின் உடம்பிலிருந்து கருவுக்குள் புகத் தெரியும்.

ஆகவே, கர்ப்பிணிகளும் முதியவர்களும் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். காய்ச்சாத பாலையும், அதில் செய்த பாலாடைக் கட்டியையும் தொடக்கூடாது. சமைத்ததை நாள் கணக்கில் பெட்டியில் வைத்திருக்கக் கூடாது. எடுத்ததை ஆவி பறக்கச் சுடவைத்தே உண்ணவேண்டும்.

குளிரில் பிழைக்க வழி கண்ட லிஸ்டீரியா, கொதிக்கும் பாலில் பிழைப்பதில்லை. பெட்டி கிருமியின் வேகத்தைக் குறைக்கும். அதைக் கொல்வது அடுப்பு!