ஒட்டுப்பால் கறை படிந்த சட்டை

மேடை நாடகங்களுக்கும் திரைப்படங்களுக்கும் உடை வடிவமைப்பது என் தொழில். "தையல் வேலையா?" என்று கேட்பவர்களே அதிகம். தையலும் உண்டு. ஆனால், உடுத்தியவரின் வாழ்க்கையைத் துணியில் காட்டுவதுதான் பெரிய வேலை. அதை நான் கற்றது, நெகிரி செம்பிலானில் ரந்தாவ் பக்கம் நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில். அதுவும் ஒரு தவற்றால்.

எழுபதுகளின் தோட்டக் கதை ஒன்றைத் தொலைக்காட்சிக்காக அங்கே படமாக்கினோம். பால்மரம் வெட்டும் பெண்ணாக நடித்தவருக்குப் பூப்போட்ட கைலி, முழுக்கைச் சட்டை, சிவப்புத் தலைத்துணி. எல்லாம் புதுசு, இஸ்திரி போட்டது. வேடிக்கை பார்க்க வந்த பாட்டி ஒருவர் கேட்டார்: "ஏம்மா, இந்தப் பொண்ணு பால் வெட்டப் போகுதா, திருவிழாவுக்குப் போகுதா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அம்மாவும் பால்மரம் வெட்டியவர். அப்பாவின் பழைய சட்டையைப் போட்டு, இடுப்பில் கொசுவத்தி தொங்க, விடியுமுன் போவார். வெள்ளையாக வடியும் பால், துணியில் காய்ந்தால் கறுத்துவிடும். எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. ஒட்டுப்பால் நாற்றத்துக்காக அந்தச் சட்டை வீட்டுக்குள் வராது. பின்பக்க ஆணியில்தான் தொங்கும். பள்ளித் தோழிகள் வந்தால் அதை ஒளித்து வைப்பேன். வரைபடத்திலும் அதையேதான் செய்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

படப்பிடிப்பு அரை நாள் நின்றது. இயக்குநரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பாட்டியே கறை எங்கெங்கே விழும் என்று காட்டினார்: முன்கையில், வாளி உரசும் தொடைப் பக்கத்தில், விரலைத் துடைக்கும் இடுப்போரத்தில். தேயிலைச் சாயத்தில் ஊறவைத்தோம், முழங்கையை மணல்தாளால் தேய்த்தோம், பழுப்பும் கறுப்புமாகச் சாயம் பூசினோம்.

வேலை கதையைப் படிப்பதில் தொடங்குகிறது. எந்தக் காட்சி எந்த நாள், யாருக்கு எத்தனை உடை என்று பட்டியல் போட வேண்டும். படம் வரிசைப்படி எடுக்கப்படுவதில்லை. அதனால் ஒவ்வொரு காட்சிக்கும் புகைப்படம் அவசியம். நேற்று மடித்த கை இன்று இறங்கியிருந்தால் ரசிகர் கண்டுபிடித்துவிடுவார். மழைக் காட்சி என்றால் ஒரே சட்டையில் மூன்று. மேடை வேறு மாதிரி. கடைசி வரிசைக்குக் கறை தெரியாது, நிறமும் உருவமும்தான் தெரியும். நொடியில் உடை மாற்ற, சட்டைப் பொத்தான்களுக்குப் பின்னால் அழுத்துப் பொத்தான்களை ஒளித்துத் தைப்போம்.

பானு அத்தையா 'காந்தி' படத்துக்காக ஜான் மோலோவுடன் 1983இல் ஆஸ்கார் பெற்றார். ஆஸ்கார் வென்ற முதல் இந்தியர் அவர். பட்டும் ஜரிகையும் மின்னிய படமல்ல அது, பெரும்பாலும் கதர். கேமரன் மலைத் தோட்டத்தில் நடக்கும் மலேசியப் படமான 'தி கார்டன் ஆஃப் ஈவ்னிங் மிஸ்ட்ஸ்' 2019இல் தைவானின் தங்கக் குதிரை விருதை வென்றதும் ஒப்பனை, உடை வடிவமைப்புக்காகத்தான்.

எஸ்.பி.எம். முடித்தவர்களுக்கு வழி இருக்கிறது. அஸ்வாராவில் நாடகமும் திரைப்படமும் படிக்கலாம். சில பாலிடெக்னிக்குகளிலும் சமூகக் கல்லூரிகளிலும் ஆடை வடிவமைப்பு உண்டு. வருமானம் மாதாமாதம் சீராக வராது, அதை மறைக்க மாட்டேன். நான் திருமணச் சட்டைகளும் தைக்கிறேன்.

இப்போது தோட்டக் கதை வந்தால் லயத்தில் வீடு வீடாகப் போய்ப் பழைய சட்டை கேட்கிறேன். கிடைப்பது அரிது. அம்மாவின் சட்டையும் இல்லை. தோட்டத்தை விட்டுச் சிரம்பானுக்கு வீடு மாறியபோது அதைக் குப்பையில் போட்டவள் நான்தான்.