மஞ்சள் விளக்கில் பதினைந்து வயது

திரையில் ஒரு கார் ஓடுகிறது. சிக்னலில் மஞ்சள் விளக்கு. பிரேக் போடலாம், போடாமல் இன்னும் கொஞ்சம் ஓட்டினால் கூடுதல் புள்ளி. ஆனால் எந்த நொடியிலும் சிவப்பு விழுந்து குறுக்கே சுவர் எழும்பலாம். மோதினால் அந்தச் சுற்றில் சேர்த்த புள்ளிகள் போய்விடும்.

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் உளவியல் ஆய்வாளர்கள் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 306 பேரை இந்த விளையாட்டில் உட்கார வைத்தார்கள். 2005-ல் முடிவு வெளியானது. கூட யாரும் இல்லாதபோது பெரியவர்களும் 13 முதல் 16 வயதுப் பிள்ளைகளும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் ஓட்டினார்கள். சம வயதினர் பக்கத்தில் இருந்தபோது பிள்ளைகள் எடுத்த அபாயம் ஏறக்குறைய இருமடங்கானது. 24 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் எந்த மாற்றமும் இல்லை.

பிள்ளை தப்பு செய்தால் 'சேர்க்கை சரியில்லை' என்கிறோம். அந்த நண்பனின் பெற்றோரும் அவர்கள் வீட்டில் இதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள். 2011-ல் ஸ்டைன்பெர்க்கின் குழு ஸ்கேன் கருவிக்குள் பிள்ளைகளைப் படுக்க வைத்து, இதுபோன்ற இன்னொரு கார் விளையாட்டை ஆட வைத்தது. நண்பர்கள் அடுத்த அறையில் இருந்தார்கள். 'போடா, போடா' என்று தூண்டிவிட ஆளில்லை. அவர்கள் பார்க்கிறார்கள் என்ற நினைப்பு மட்டும்தான். அதற்கே மூளையில் வெகுமதியை எதிர்பார்த்துத் துள்ளும் பகுதிகள் கூடுதலாக இயங்கின. பெரியவர்களிடம் அப்படி நிகழவில்லை. பின்னர் எலிகளிடமும் சோதித்தார்கள். இளம் எலிகள் கூட்டாளிகளோடு இருக்கும்போது அதிக மது குடித்தன; வளர்ந்த எலிகள் அப்படிச் செய்யவில்லை. ஆக, நண்பன் நல்லவனா கெட்டவனா என்பதோடு இது முடிவதில்லை. அந்த வயதில் நண்பன் அருகில் இருப்பதே ஒரு கிளர்ச்சி.

கலிஃபோர்னியாவில் 18 வயதுக்குள் ஓட்டுநர் உரிமம் வாங்கியவர், முதல் ஓராண்டு 20 வயதுக்குக் குறைந்த நண்பர்களை மட்டும் ஏற்றிக்கொண்டு போக முடியாது. பெற்றோர் போன்ற பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். சரியான சட்டம்.

அம்மா அருகில் இருந்தால்? ஆய்வாளர் ஈவா டெல்சரின் குழு அதையும் இதுபோன்ற கார் விளையாட்டில் சோதித்து, 2015-ல் முடிவை வெளியிட்டது. அம்மா கூட இருந்தபோது பிள்ளைகள் அபாயத்தைக் குறைத்துக்கொண்டார்கள். சிக்னலைத் தாண்டுவதில் இருந்த துள்ளல் மூளையில் தணிந்தது. பிரேக் போடும்போது தன்னைக் கட்டுப்படுத்தும் பகுதி நன்றாக வேலை செய்தது.

அதற்காக எந்த அம்மாவும் எப்போதும் பின்னாலேயே போக முடியாது. பிள்ளை எங்கே, யாரோடு என்று தெரிந்துவைத்திருக்கும் பெற்றோரின் பிள்ளைகள் வம்புகளில் சிக்குவது குறைவு. இது பழைய கண்டுபிடிப்பு. பெற்றோர் கண்காணிப்பதால்தான் என்று ஆய்வாளர்களே நம்பினார்கள். சுவீடனில் ஹோகன் ஸ்டாட்டினும் மார்கரெட் கெர்ரும் அந்தப் பெற்றோருக்கு விவரம் எப்படித் தெரிகிறது என்று 14 வயதுப் பிள்ளைகளின் குடும்பங்களில் விசாரித்தார்கள். துருவித் துருவிக் கேட்டதாலோ கட்டுப்பாடு போட்டதாலோ தெரிந்தது கொஞ்சம். பிள்ளை தானாக வந்து சொன்னதுதான் பெரும்பகுதி. 2000-ல் வந்த அந்தக் கட்டுரையை ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை.

இன்று இரவு சாப்பிடும்போது உங்கள் மகனோ மகளோ நண்பர்களைப் பற்றி ஏதாவது சொல்ல ஆரம்பித்தால், தயவுசெய்து குறுக்கே பேசாதீர்கள். முழுசாகச் சொல்லி முடிக்கட்டும்.