மலைக்குப் பழைய வண்டி வாங்கும் முன்

ஏற்காடு மலையில் கரடியூர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து காபியும் மிளகும் கீழே இறங்க வேண்டும். அரிசியும் சிமெண்டும் மேலே ஏற வேண்டும். ஓட்டத்துக்கு வழியிருக்கிறது என்று லைசென்ஸ் வந்த கையோடு பழைய சரக்கு வண்டி வாங்க மலைப் பிள்ளைகள் ஆசைப்படுவதில் தவறில்லை. சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு என லாரித் தொழில் வேர்விட்ட ஊர்கள் பக்கத்தில் இருப்பதால் வண்டிக்கும் பஞ்சமில்லை. ஆனால் சமவெளியில் ஓடித் தேய்ந்த வண்டியை மலைக்கு வாங்குகிறவர் வேறு கண்ணோடு பார்க்க வேண்டும்.

முதலில் அளவு. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டியை இலகுரக வாகன லைசென்ஸை வைத்தே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதிசெய்தது. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட்டும் தேவையில்லை. நாம் குட்டி யானை என்று கூப்பிடும் டாடா ஏஸ் இந்த வரம்புக்குள் அடங்கும். புது ஓட்டுநருக்கு அந்த அளவே போதும் என்பது என் கருத்து. கொண்டை ஊசி வளைவில் பெரிய வண்டியைத் திருப்பும் பழக்கம் வர நாளாகும். அதுவரை வண்டிக் கடனின் டியூ காத்திருக்காது.

வண்டியைப் பார்க்கக் காலையிலேயே போங்கள். போனதும் என்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ஸ்டார்ட் ஆகச் சிரமப்படும் வண்டியை நீங்கள் வருமுன் ஓடவிட்டு வைத்திருக்கலாம். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குப்பென்று அடிக்கிறதா? பேக் கம்ப்ரஷன் என்று மெக்கானிக்குகள் சொல்வது அதைத்தான். என்ஜின் வேலை பெரிதாக வரும். சேஸில், அதிலும் கமான் பட்டை மாட்டும் இடத்துக்கு அருகில், வெல்டிங் தழும்பு இருந்தால் அந்த வண்டியே வேண்டாம். புது பெயிண்டுக்கு விலை கொடுக்காதீர்கள்.

எல்லாரும் ஏற்றத்தில் இழுவையைச் சோதிக்கிறார்கள். மலை வண்டியின் உண்மை இறக்கத்தில்தான் தெரியும். சேலம் சாலையில் ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். விற்பவர் சம்மதித்தால், அனுபவமுள்ள மலை டிரைவர் ஒருவரை ஓட்டச் சொல்லி, அளவான பாரத்தோடு மேலிருந்து கீழே இறக்கிப் பாருங்கள். ஏறுவதற்குப் போடும் கியரிலேயே இறங்கினால் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்குக்கு வேலை குறையும். கியர்பாக்ஸ் தேய்ந்திருந்தால் அந்த நேரத்தில்தான் கியர் தானாகக் கழன்று வரும். சமவெளியில் இது தெரியாமலே போகலாம். மலையில் கியர் கழன்ற வண்டி நியூட்ரலில் ஓடும் வண்டி. மொத்த பாரமும் பிரேக்கின் தலையில் விழும், லைனிங் சூடேறிப் பிடிமானம் போய்விடும்.

அடிவாரத்தில் நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும், தொடாமல், கையை நீட்டுங்கள். முன்னாலோ பின்னாலோ, ஒரே அச்சின் இடது வலது சக்கரங்களில் சூடு ஏறத்தாழ ஒன்றுபோல் வர வேண்டும். ஒன்று மட்டும் தகிக்கிறதென்றால் அங்கே பிரேக் ஒட்டிக்கொண்டே ஓடியிருக்கிறது. ஒன்று மட்டும் ஆறிக் கிடக்கிறதென்றால் அந்தச் சக்கரத்தில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. பிறகு டிரம்மைக் கழற்றச் சொல்லி, வெடிப்பு இருக்கிறதா, லைனிங்கில் ஆயில் கசிவு பட்டிருக்கிறதா என்று மெக்கானிக்கோடு பாருங்கள். ஏர் பிரேக் வண்டி என்றால் காற்று நிறைந்தபின் என்ஜினை அணைத்து, பெடலை மிதித்தபடியே மீட்டரைக் கவனியுங்கள். முள் இறங்கிக்கொண்டே இருந்தால் எங்கோ கசிகிறது.

காகிதத்துக்கு வருவோம். எஃப்.சி. என்ற தகுதிச் சான்று இல்லாத சரக்கு வண்டியைச் சட்டம் முறையாகப் பதிவான வண்டியாகவே கருதுவதில்லை. வண்டிக்கு வயது 8 ஆகும்வரை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்குப் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும், இந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். எம்-பரிவாஹன் செயலியில் பதிவெண்ணைப் போட்டு எஃப்.சி., இன்சூரன்ஸ் தேதிகளைப் பாருங்கள். வரி பாக்கி, அபராத பாக்கி உண்டா என்றும் விசாரியுங்கள். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால், கடன் தீர்ந்தது என்ற அவர்கள் கடிதமும், கையெழுத்திட்ட 35ஆம் எண் படிவமும் இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். சேஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

கடன் வாங்குகிறவர்கள் "10 சதவீதம்தான்" என்ற பேச்சில் ஏமாந்துவிடக் கூடாது. 5 லட்சத்துக்கு 3 ஆண்டு, ஃபிளாட் வட்டி 10 சதவீதம் என்றால் வட்டி மட்டும் ஒன்றரை லட்சம். மாத டியூ சுமார் 18,056 ரூபாய். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழு அசலுக்கும் போடப்படுவதால், குறையும் அசலுக்கான கணக்கில் இது சுமார் 18 சதவீத வட்டிக்குச் சமம். அந்த டியூவை எட்டுவதற்காகக் கூடுதல் பாரம் ஏற்றத் தோன்றும். அதிக பாரத்துக்குச் சட்டத்தில் அபராதம் 20,000 ரூபாய், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. இறக்கத்தில் அதே பாரம் பிரேக்கையும் தின்னும்.

விற்பவரோடு 29, 30ஆம் எண் படிவங்களில் கையெழுத்துப் போட்டு, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் உடனே கொடுங்கள். வாங்குபவருக்குச் சட்டம் தரும் அவகாசம் 30 நாள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விபத்து நேர்ந்தால் பொறுப்பு ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே பெயர் மாற்றுவது விற்பவருக்கும் நல்லது. அதை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். ஆர்.சி. உங்கள் பெயருக்கு வரும்வரை விலையில் ஒரு பகுதியைக் கையில் நிறுத்தி வையுங்கள்.