கட்டுமுன் கத்தரிக்கோல்

விஜயதசமியன்று மைசூரு அரண்மனை முற்றத்தில் ‘வஜ்ரமுஷ்டி காளக’ நடக்கும். மொட்டைத்தலையோடு ஜெட்டி மல்லர்கள், விரல்களில் கூர்முனை ஆயுதம் மாட்டி மோதுவார்கள். ஒருவர் தலையில் முதல் துளி ரத்தம் தெரிந்தால் போதும், ஆட்டம் முடிந்தது. எங்கே நிறுத்துவது என்று களமிறங்கும் முன்பே இருவருக்கும் தெரியும். நிறுத்த நடுவரும் உண்டு.

படுக்கையறையில் நடுவர் கிடையாது. மனமொத்துக் கயிற்றில் கட்டி, மனமொத்து அடித்து விளையாடும் ஜோடிகளுக்கு அதுதான் சிக்கல்.

இதை மேற்கத்திய இறக்குமதி என்று தள்ளிவிட முடியாது. கலவியில் அடிப்பதைப் பற்றிக் காமசூத்திரத்தில் ஒரு அத்தியாயமே இருக்கிறது. புறங்கை, குவித்த கை, முஷ்டி, உள்ளங்கை என வாத்ஸ்யாயனர் நான்கு வகை சொல்கிறார். தென்னாட்டார் கூட்டிக்கொண்ட இன்னும் நான்கைச் சொல்லும்போது முகம் சுளிக்கிறார். ‘கீலா’ அடியில் சோழ மன்னன் ஒருவன் சித்திரசேனை என்ற கணிகையைக் கொன்றான். ‘கர்த்தரி’ அடியில் குந்தள நாட்டு சாதகர்ணி தன் அரசி மலயவதியையே கொன்றான். குந்தளம் என்பது இன்றைய வட கர்நாடகப் பகுதி. இருவருமே கொல்ல நினைத்தவர்கள் அல்ல, நிறுத்தத் தெரியாதவர்கள்.

அடியோடு கயிறும் சேர்ந்தால் ஆபத்து கூடும். அடி விழுந்தால் உடம்பு தானாக விலகும். கட்டுண்டவரால் விலக முடியாது. துள்ளினால் கயிறு இறுகும். அடியின் வலியில் கை மரத்துப்போவது தெரியாது. மேல்கை எலும்பை ஒட்டி ஓடும் நரம்பு அழுந்தினால் மணிக்கட்டு தொங்கிவிடும். தேற மாதங்கள்கூட ஆகலாம்.

அதனால் பழகியவர்கள் ‘நிறுத்து’ என்பதற்கான சொல்லை முதலிலேயே பேசி வைக்கிறார்கள். கழுத்தில் கயிறு கூடாது. முதுகெலும்பு, சிறுநீரகப் பக்கம் அடி கூடாது. அவ்வப்போது ‘என் விரலை அழுத்து’ என்று கேட்டுப் பார்க்கிறார்கள். பிடி தளர்ந்தால் உடனே கட்டை அவிழ்க்க வேண்டும். கட்டுண்டவரைத் தனியே விட்டுப் போகவே கூடாது.

சட்டமும் எல்லை போடுகிறது. 18 வயது கடந்தவர் சம்மதித்தால், மரணமோ கொடுங்காயமோ விளைவிக்கும் நோக்கமோ, விளையும் என்ற அறிவோ இல்லாத செயல் குற்றமல்ல என்கிறது பாரதிய நியாய சம்ஹிதாவின் 25ஆவது பிரிவு. எல்லை தாண்டினால் அந்தப் பிரிவு கைகொடுக்காது.

கர்த்தரி என்றால் கத்தரிக்கோல். மலயவதியின் உயிரைக் குடித்தது அந்தப் பெயர் கொண்ட அடி. இன்று கயிறு எடுப்பவர் முதலில் தலைமாட்டில் எடுத்து வைக்க வேண்டியதும் கத்தரிக்கோல்தான்: முனை மழுங்கியது, ஒரே வெட்டில் கயிற்றை அறுப்பது.