ஷிஃப்ட் மாறினால் ஊசி நேரமும் மாறுமா?

ஒரகடம் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும். டைப் 1 நீரிழிவு உள்ள தொழிலாளிக்கு இன்சுலின் தேவை மட்டும் ஓயாது. கணையத்தின் பீட்டா செல்கள் அழிந்துவிட்டதால் அதை வெளியிலிருந்துதான் கொடுக்க வேண்டும். மாத்திரையாக விழுங்கினால் வயிறு மற்றப் புரதங்களைப்போலச் செரித்துவிடும். அதனால்தான் தோலுக்கடியில் ஊசி. வழக்கமாக இரண்டு வகை: நாள் முழுக்க மெதுவாகக் கசியும் நீண்டநேர இன்சுலின், சாப்பாட்டோடு போடும் விரைவு இன்சுலின். முன்னது கடிகாரத்தைப் பார்க்கும், பின்னது தட்டைப் பார்க்கும். இரவு 1 மணிக்குக் கேன்டீனில் சாப்பிட்டால் சாப்பாட்டு ஊசியும் அப்போதுதான்.

"சாப்பிடவே இல்லையே, ஊசி எதற்கு?" என்பார்கள். பாதி சரி: சாப்பாட்டு ஊசியை விடலாம். நீண்டநேர ஊசியை விடக்கூடாது. பட்டினியிலும் கல்லீரல் சர்க்கரையை வெளியிடும். இன்சுலின் இல்லையென்றால் கொழுப்பு கரைந்து கீட்டோன்கள் பெருகி ரத்தம் அமிலமாகும். உயிருக்கே ஆபத்து. "ஊசி பழகிவிடும்" என்ற பயத்துக்கோ வரலாறே பதில். 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலில் இன்சுலின் போடப்படும் வரை, இந்த நோய் வந்த குழந்தைகள் அதிக நாள் பிழைத்ததில்லை. இல்லாததை ஈடுசெய்வது எப்படிப் போதையாகும்? நியாயமான பயம் தாழ்சர்க்கரைதான். உடலுழைப்பு சர்க்கரையை வேகமாக இறக்கும். ஷெட் வெக்கையில் தாழ்சர்க்கரையின் வியர்வை தனியாகத் தெரியாது. நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே குளுக்கோஸ். இன்சுலின் பேனாவை மட்டும் வெயிலில் நிற்கும் பைக் பெட்டியில் வைக்காதீர்கள். சூட்டில் அது வீரியம் இழக்கும்.