பதினான்கு நாள் தவணைக்குப் பின்னால் ஒரு கணக்கு

பள்ளி நூலகத்தில் எடுத்த புத்தகத்தை 14 நாளில் திருப்பித் தர வேண்டும். ஒரு சமயத்தில் ஒன்றோ இரண்டோதான் எடுக்கலாம். அகராதியை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்குப் பள்ளி நாட்கள் கூடும், குறையும். விதிகள் ஏறத்தாழ இவைதான். பிள்ளைகளுக்கு இவை கெடுபிடியாகத் தெரிகின்றன. உண்மையில் இவற்றுக்குப் பின்னால் ஓர் அருமையான கணிதம் இருக்கிறது. அது பிறந்த இடம் தொலைபேசி நிலையம்.

கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏ. கே. எர்லாங் என்ற டென்மார்க் கணிதவியலாளருக்கு ஒரு கேள்வி இருந்தது. இத்தனை பேர் பேசுகிற ஊருக்கு எத்தனை இணைப்புகள் போட்டால் போதும்? ஒருவர் பேசி முடிக்கும்வரை அந்த இணைப்பு அடுத்தவருக்குக் கிடைக்காது. அழைப்பவர்களில் எத்தனை பேர் ஏமாந்து போவார்கள் என்று சொல்லும் சூத்திரத்தை 1917இல் அவர் வெளியிட்டார். ஒருவர் வீட்டில் இருக்கும் புத்தகமும் அடுத்தவருக்குக் கிடைக்காதே! இந்த வகைக் கணக்கை நூலகத்துக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் பிலிப் மோர்ஸ். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து இயற்பியலாளர். இரண்டாம் உலகப் போரில் எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேட வழி வகுத்த கணிதக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். நூலகங்களின் பயன்திறன் பற்றி 1968இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார்.

கணக்கை ஒரே ஒரு புத்தகத்தை வைத்துப் பார்க்கலாம். சூரியக் குடும்பம் பற்றிய ஒரு படப் புத்தகம். நூலகத்தில் ஒரு படிதான் உண்டு. வாரத்துக்குச் சராசரியாக ஒரு பிள்ளை அதைத் தேடி வருகிறது. இல்லையென்றால் திரும்பிப் போய்விடுகிறது. தவணை 14 நாள். புத்தகம் இரண்டு வாரம் வெளியே இருக்கும். திரும்பி வந்தபின், அடுத்து ஒருவர் கேட்கும்வரை சராசரியாக ஒரு வாரம் அலமாரியில் இருக்கும். மூன்று வாரத்தில் ஒரு வாரம்தான் அது உள்ளே. எனவே தேடி வரும் 100 பேரில் சுமார் 33 பேருக்குத்தான் கிடைக்கும்.

தவணையை 7 நாளாக்கினால்? ஒரு வாரம் வெளியே, ஒரு வாரம் உள்ளே. 100 பேரில் 50 பேருக்குக் கிடைத்துவிடும், ஒரு பைசா செலவில்லாமல். தவணையைத் தொடாமல் இரண்டாவது படி வாங்கினால், எர்லாங் சூத்திரப்படி 60 பேருக்குக் கிடைக்கும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் 80. காசு கொடுத்து வாங்கிய இரண்டாவது படி தரும் பலனில் பெரும்பகுதியை, தேதி முத்திரையை மாற்றிக் குத்துவதே தந்துவிடுகிறது. முதன்முதலில் இதைப் போட்டுப் பார்த்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

அப்படியானால் எல்லாப் புத்தகத்துக்கும் மூன்று நாள் என்று வைத்துவிடலாமா? கூடாது. ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகம். வீட்டுப்பாடத்துக்கும் விளையாட்டுக்கும் நடுவே படிக்கிற ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு பாகத்துக்கே இரண்டு வாரம் பிடிக்கும். பாதியில் பிடுங்கிய புத்தகம் யாருக்கும் பயன்படாது. வேறு யாரும் கேட்காத பட்சத்தில் தவணையைப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்ற விதி இதற்காகத்தான் இருக்கிறது.

அகராதி விஷயத்தில் கணக்கு இன்னும் தெளிவு. ஒரு நாளில் பத்துப் பேர் ஆளுக்கு ஐந்து நிமிடம் அகராதியைப் பார்த்தால் மொத்தம் 50 நிமிடம். மீதி நேரமெல்லாம் அது சும்மா இருக்கிறது. ஒருவர் அதை 14 நாளுக்கு எடுத்துப் போய்விட்டால், பத்துப் பள்ளி நாட்களில் நூறு முறை யாராவது வெறுங்கையோடு போவார்கள்.

கணினி இல்லாத நூலகங்களில் இதையெல்லாம் கண்காணிக்க ஓர் எளிய ஏற்பாடு உண்டு. அமெரிக்க நூலகர் நீனா பிரவுன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய முறை அது. உறுப்பினருக்குத் தரப்படும் அட்டை சின்ன உறை போல இருக்கும். புத்தகத்துக்குள்ளும் ஓர் அட்டை இருக்கும். எடுக்கும்போது புத்தக அட்டையை உருவி, உறுப்பினரின் உறைக்குள் செருகி, திருப்ப வேண்டிய தேதிவாரியாகத் தட்டில் அடுக்கிவிடுவார்கள். பேரேட்டில் ஒரு வரிகூட எழுத வேண்டாம். யாரிடம் எந்தப் புத்தகம் என்பதை அந்த ஜோடி சொல்லும். இன்று எவை வர வேண்டும் என்பதைத் தட்டில் அட்டை இருக்கும் இடம் சொல்லும். இரண்டு உறை வைத்திருப்பவர் மூன்றாவது புத்தகம் எடுக்க வழியே இல்லை. விதியை அட்டையே காவல் காக்கிறது.

இத்தகைய விதிகளின் நோக்கத்தைச் சொன்னவரும் ஒரு கணிதக்காரர்தான். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931இல் நூலகங்களுக்காக அவர் எழுதிய ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகம் பயன்படுத்துவதற்கே என்பது. நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. தொலைந்துவிடுமோ என்ற பயத்தில் புத்தகங்களைப் பீரோவில் வைத்துப் பூட்டும் பள்ளிகள் இன்றும் உண்டு. அந்தப் புத்தகங்கள் வருஷம் முழுக்க உள்ளேதான் இருக்கின்றன, ஆனால் கேட்ட 100 பேரில் ஒருவருக்கும் கிடைப்பதில்லை. ஒன்றிரண்டு தொலைவதைவிட இது பெரிய நஷ்டம் என்றே நான் நினைக்கிறேன்.

தவணையைச் சுருக்கும் கணக்கை நடைமுறையில் சோதித்தவர்கள் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக நூலகத்தார். அதிகம் கேட்கப்படும் நூல்களுக்கு மட்டும் தவணையைச் சுருக்கினார்கள். தேடி வந்தவர்களுக்குப் புத்தகம் கிடைப்பது கூடியது. அந்த ஆய்வில் பங்கெடுத்த மைக்கேல் பக்லண்ட் 1975இல் வெளியிட்ட நூலில் அடுத்து நடந்ததையும் விளக்குகிறார். போனால் கிடைக்கும் என்ற நம்பிக்கை வந்ததும் மாணவர்கள் முன்னைவிட அதிகமாக வரத் தொடங்கினார்கள். கேட்பவர்கள் பெருகியதால், கிடைக்கும் வாய்ப்பு மறுபடி குறைந்தது.

தன் பள்ளியில் எந்தப் புத்தகம் அதிகம் கேட்கப்படுகிறது என்று கண்டுபிடிக்க நூலகப் பொறுப்பாசிரியருக்குக் கணினி தேவையில்லை. புத்தகத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் புரட்டினால் போதும். முத்திரைகள் இரண்டு வார இடைவெளியில் விடாமல் வரிசையாக இருந்தால், அந்தப் புத்தகம் அலமாரிக்கே வருவதில்லை என்று பொருள். ஒல்லியான புத்தகமானால் தவணையை ஒரு வாரமாக்கலாம். தடித்த நாவலானால் அடுத்த கொள்முதல் பட்டியலில் அதற்கு இன்னொரு படி எழுதிவிட வேண்டும்.