கேம் மாற்றினால் புல்லட் பறக்குமா? டைனோவில் ஏற்றிப் பார்த்தால் தெரியும்!

ஆடி மாதத்தில் நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழி வழியாகக் காவல்கிணறு பக்கம் பைக் ஓட்டியவர்களுக்குத் தெரியும். கணவாய்க் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை! புதிதாக கேம் ஷாஃப்ட் போட்ட கையோடு இந்த ரோட்டில் போய், மொபைல் ஜி.பி.எஸ்ஸில் வேகம் பார்த்து, "பழையதைவிட பத்து கிலோமீட்டர் கூடுதலா போகுது மக்கா" என்று பூரித்துப்போவது ரொம்பச் சுலபம். திரும்பி வரும்போது அதே காற்று நெஞ்சில் மோதும். அப்போது பெரும்பாலும் யாரும் மொபைலை எடுப்பதில்லை.

கேம் மாற்றுவது சின்னச் செலவில்லை. கேம் விலையோடு போகாது; வால்வு ஸ்பிரிங், கேஸ்கெட், கூலி, ஈ.சி.யூ. மேப்பிங் என்று பில் நீளும். இவ்வளவு செலவழித்தும் கேட்டது கிடைத்ததா என்பதைக் காற்றடிக்காத ஓர் அறைக்குள் சொல்லும் கருவிதான் டைனமோமீட்டர். சுருக்கமாக, டைனோ.

முட்டை வடிவ மேட்டின் வேலை

இன்ஜினுக்குள் பெட்ரோல் கலந்த காற்று நுழைய ஒரு வால்வு, எரிந்த புகை வெளியேற ஒரு வால்வு. இவற்றைத் திறப்பது கேம் ஷாஃப்ட்டில் உள்ள முட்டை வடிவ மேடு. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்றும். 4,000 ஆர்.பி.எம்-மில் வண்டி ஓடும்போது, ஒரு வால்வு நொடிக்கு 33 முறை திறந்து மூடுகிறது!

அந்த மேட்டை உயரமாக்கினால் வால்வு அதிகம் திறக்கும். அகலமாக்கினால் அதிக நேரம் திறந்திருக்கும். 'பெர்ஃபாமன்ஸ் கேம்' என்று விற்கப்படுபவை பெரும்பாலும் இரண்டையும் கூட்டியவை. அதிக வேகத்தில் சுற்றும்போது உள்ளே பாயும் காற்றுக்கு ஒரு உந்துவிசை இருக்கும். வால்வு கூடுதல் நேரம் திறந்திருந்தால் இன்னும் கொஞ்சம் காற்று உள்ளே திணியும். பவர் கூடும்.

குறைந்த வேகத்தில் கதை தலைகீழ். இரண்டு வால்வுகளும் ஒரே சமயத்தில் கொஞ்சம் திறந்திருக்கும் நேரம் கூடிவிடுவதால், புதிய கலவையில் ஒரு பகுதி எரியாமலே சைலன்சர் வழியே போகும். புகையில் கொஞ்சம் உள்ளே திரும்பும். ஐடிலிங் தடுமாறும், மைலேஜ் இறங்கும், இழுவை குறையும். அந்தத் தடுமாற்றச் சத்தத்தைத்தான் பலர் 'கெத்து' என்று ரசிக்கிறார்கள் என்பது வேறு விஷயம்!

உப்புத் தரையும் தக்கலை பஜாரும்

2018 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள போனவில் உப்புத் தரையில், 18 வயது கேய்லா ரிவாஸ் மாற்றியமைக்கப்பட்ட ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜி.டி. 650-ஐ மணிக்கு 157 மைல் வேகத்தில் ஓட்டிச் சாதனை படைத்தார். நம் கணக்கில் 252 கிலோமீட்டர். இன்ஜினைத் தயார் செய்தது எஸ் அண்ட் எஸ் சைக்கிள் என்ற அமெரிக்க நிறுவனம். கடைக்கு வரும் 650-ன் பவர் 47 பி.ஹெச்.பி., அதுவும் 7,250 ஆர்.பி.எம்-மில். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டோடு சென்னையில் வேர்விட்ட நிறுவனத்தின் பெயர் அந்த உப்புத் தரையில் கேட்டது பெருமைதான்.

ஆனால், உப்புத் தரையில் திருப்பம் கிடையாது, மேடு கிடையாது, குறுக்கே வரும் மினி பஸ் கிடையாது. ஆக்ஸிலரேட்டரை முழுசாக முறுக்கிக்கொண்டே போகலாம். உச்ச வேகத்தில் மட்டும் பலன் தரும் கேம் அங்கே சரி. தக்கலை பஜாரிலும், மார்த்தாண்டம் நெரிசலிலும், பேச்சிப்பாறைக்கு ஏறும் ரப்பர் தோட்டத்து வளைவுகளிலும் வண்டி பெரும்பாலும் பாதி சுற்றுக்குள்ளேதான் ஓடுகிறது. பின்சீட்டில் மனைவி, டேங்க் மேல் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம்.

இப்போதைய கிளாசிக் 350-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி சொல்லும் 20.2 பி.ஹெச்.பி. வருவது 6,100 ஆர்.பி.எம்-மில். உச்ச டார்க்கான 27 நியூட்டன் மீட்டர் வருவதோ 4,000-த்தில். டார்க்கை ஆர்.பி.எம்-மால் பெருக்கி 9,549-ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். அதன்படி 4,000-த்தில் வண்டி தரும் பவர் சுமார் 15 பி.ஹெச்.பி.தான். ஊருக்குள் ஓட்டுபவருக்கு அந்த 20.2 என்பது பீரோவில் இருக்கும் பட்டுப்புடவை மாதிரி. உச்சியில் 2 பி.ஹெச்.பி. கூட்டுவதற்காக 2,500 ஆர்.பி.எம்-மில் 2 நியூட்டன் மீட்டரை இழந்தால், மேட்டில் ஒவ்வொரு முறையும் கியர் இறக்க வேண்டியிருக்கும்.

உருளை மேல் ஓடும் பைக்

டைனோவில் வண்டியின் பின்சக்கரம் ஒரு கனமான இரும்பு உருளை மேல் நிற்கும். முன்சக்கரத்தைப் பூட்டி, வண்டியைப் பட்டைகளால் இழுத்துக் கட்டிவிடுவார்கள். எதிரே பெரிய மின்விசிறி. ஏர்கூல்டு இன்ஜினுக்கு அது இல்லாமல் சோதனையே நடத்தக் கூடாது. இனர்ஷியா வகையில் உருளையின் எடையும் அளவும் முன்பே தெரிந்தவை. அதை எவ்வளவு சீக்கிரம் சுழல வைக்கிறது என்பதிலிருந்து பவர் கணக்கிடப்படும். இன்னொரு வகையில் உருளைக்கு மின்காந்த பிரேக் இருக்கும். 3,000 ஆர்.பி.எம்-மிலேயே வண்டியை நிறுத்திப்பிடித்து, மேடு ஏறுவதுபோலச் சுமை கொடுத்துப் பார்க்கலாம். ஈ.சி.யூ. மேப்பிங் செய்ய இதுதான் வசதி. சைலன்சரில் ஆக்ஸிஜன் சென்சாரும் மாட்டி, பெட்ரோலுக்கும் காற்றுக்கும் உள்ள விகிதத்தைக் கூடவே கவனிப்பார்கள்.

ரிப்போர்ட் கையில் வந்ததும் பலரும் முதலில் பதறுவது, கம்பெனி சொன்னதைவிடப் பவர் குறைவாக இருக்கிறதே என்றுதான். பயப்பட வேண்டாம். கம்பெனி சொல்வது பொதுவாக கிராங்க்கில் அளந்தது. கியர்பாக்ஸ், செயின், டயர் ஆகியவற்றைத் தாண்டிச் சக்கரத்துக்கு வரும்போது கொஞ்சம் காணாமல் போகும்.

அடுத்த சிக்கல், திருத்தக் கணக்கு. வெக்கையும் ஈரமுமான கடற்கரைக் காற்றில் எந்த இன்ஜினும் சற்றுச் சோர்ந்துதான் ஓடும். அதைச் சமன்செய்ய டைனோ மென்பொருள் ஒரு பெருக்கல் போடும். எஸ்.ஏ.இ. முறையில் போட்டால் ஒரு எண், எஸ்.டி.டி. முறையில் போட்டால் சுமார் 4 சதவிகிதம் கூடுதலான எண். பழைய கேமை ஒரு முறையிலும் புதிய கேமை இன்னொரு முறையிலும் அச்சடித்தால், ஒன்றுமே செய்யாமல் 'பவர் கூடிவிடும்'!

ஆகவே, கேம் போடுவதற்கு முன்பே ஒருமுறை டைனோவில் ஏற்ற வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான். மாற்றிய பிறகு மட்டும் எடுத்த கிராஃபை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. முன்னும் பின்னும் அதே டைனோ, அதே கியர், அதே டயர் காற்று, இன்ஜின் அதே சூடு. ஒவ்வொரு முறையும் மூன்று ஓட்டமாவது வேண்டும். இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் அச்சடித்துக் கேளுங்கள். உச்சியைப் பார்க்கும் முன் 2,000-த்திலிருந்து 4,000 வரை விரலை ஓட்டுங்கள். அங்கே புதிய கோடு கீழே போயிருந்தால், அந்த கேம் உங்கள் ரோட்டுக்கு உரியதல்ல.

பிரிக்கும் முன்...

பழைய வார்ப்பிரும்பு புல்லட், அதற்குப் பின் வந்த யூ.சி.இ. இன்ஜின், இப்போதைய ஜே சீரிஸ் மூன்றும் வேறு வேறு. யூ.சி.இ-யில் ஹைட்ராலிக் டாப்பெட். ஜே சீரிஸில் கேம் தலையிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஒன்றின் அனுபவம் மற்றொன்றுக்கு அப்படியே உதவாது. உயரமான கேம் போட்டால் வால்வு பிஸ்டனில் முட்டாத அளவுக்கு இடைவெளி இருக்கிறதா என்று அளந்தே ஆகவேண்டும். பிஸ்டன் தலையில் களிமண் உருண்டை வைத்து, இன்ஜினைக் கையால் சுற்றி, நசுங்கிய தடிமனை அளப்பது பழைய முறை, இன்றும் நம்பகமானது. ஸ்பிரிங் பலவீனமாக இருந்தால் அதிக வேகத்தில் வால்வு நேரத்துக்கு மூடாது. அப்படி முட்டினால் பிஸ்டனும் வால்வும் சேர்ந்தே போகும்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ரேஸ் டிராக்கில் மட்டும் ஓடும் வண்டியின் கதை வேறு. தினமும் ரோட்டில் ஓடும் வண்டி என்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும், இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. வாரன்டி காலத்தில் இருக்கும் வண்டியில் கை வைத்தால் வாரன்டியும் கேள்விக்குறிதான்.

இத்தனைக்குப் பிறகும் மாற்றுவது என்று முடிவெடுத்தால், கழற்றிய பழைய கேமைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். எண்ணெய் தடவி, பாலித்தீன் பையில் சுற்றி, எந்த வண்டியுடையது என்று எழுதி வீட்டில் வையுங்கள். கிராஃப் ஏமாற்றினாலும், வண்டியை விற்க நேர்ந்தாலும் அது தேவைப்படும்.